மேனேஜரின் மணி

அந்த நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது தெருக்காரர்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலில் நிறுத்தி, செருப்பிலிருந்து கைப்பை வரை மோந்து பார்த்து, தனக்குத் திருப்தியான பிறகுதான் உள்ளே விடும். அதை வளர்த்தவளுக்கும் அவர்களே ஒரு பெயர் வைத்திருந்தார்கள், பல்லக்கா என்று. இரண்டாம் மாடி வீட்டில் கூடத்து ஜன்னலோரம் மேசை போட்டு, பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பது அவள் தொழில். ஊரில் யார் வாயில் எந்தப் பல் போயிற்று என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியே மூச்சு விடமாட்டாள்.

ஆனால் மேனேஜரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். குட்டியாக வந்தபோது வாசல் கதவின் பிடியில் கயிறு கட்டி, அதன் மூக்குக்கு எட்டும் உயரத்தில் ஒரு பித்தளை மணியைத் தொங்கவிட்டாள். கீழே கூட்டிப்போகும்போதெல்லாம் முதலில் அதன் மூக்கால் மணியைத் தட்டவைத்தாள். கொஞ்ச நாளில் விஷயம் அதற்குப் பிடிபட்டுவிட்டது. அவசரம் என்றால் போய் மணியைத் தட்டும்; யாராவது எழுந்து கீழே கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான். வருடக்கணக்காக வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டதில்லை. நாக்கு மேல் பல் போட்டு மேனேஜரை ஒரு குறை சொல்லிவிட முடியாது.

"எங்க வீட்டுக்காரர் வழி ஆளுங்க யாருக்கும் இந்த ஒழுங்கு கிடையாது" என்று கணவனை வைத்துக்கொண்டே விருந்தாளிகளிடம் சொல்வாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அவன் பேக்கரி வேன் ஓட்டுபவன், விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். அதனால் கூடத்தில் கதவுக்குப் பக்கத்திலேயே படுப்பான். அவனுடைய குறட்டைக்குப் பயந்து அவள் உள்ளறையில் படுப்பாள். ராத்திரி மணி அடித்தால் அவன்தான் எழுந்துபோவது என்று ஏற்பாடு. அவளுக்கும் மணிச் சத்தம் கேட்கும். "கேக்குதா?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்ட நாய்தான் ஒருநாள் ராத்திரி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் மூத்திரம் போய்விட்டது. காலையில் கூடம் நாறியது. உடம்பு சரியில்லையோ என்று அவள் பினாயில் ஊற்றிக் கழுவினாள். மறுநாளும் அதே கதை. அதற்கப்புறம் இடம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

"மணி அடிச்சுதா?" என்று கணவனைக் கேட்டாள்.

"அடிச்சா எழுந்திருக்க மாட்டேனா? எனக்குப் பூனை நடந்தாலே முழிப்பு வந்துடும்."

அவள் காதிலும் எந்தச் சத்தமும் விழுந்திருக்கவில்லை. பகலில் மணியைத் தட்டிப் பார்த்தாள், கணீரென்றது. மேனேஜரும் பகலில் ஒழுங்காக மணி அடித்துக் கீழே போய்வந்தது. அப்படியென்றால் ராத்திரியில் மட்டும் என்ன கொழுப்பு?

கால்நடை மருத்துவரிடம் மூவருமாகப் போனார்கள். சிறுநீர், ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு அவர், "நோய் ஒண்ணும் இல்லை. வயசாகுது, முன்னைவிட அடிக்கடி போகணும்போல இருக்கும். ராத்திரி தவறாம வெளியே கூட்டிட்டுப் போறீங்கல்ல?" என்று கேட்டார்.

"மணி அடிச்சா இவர் ஒருநாளும் தவறவிட்டது கிடையாது, டாக்டர்" என்றாள் அவள் பெருமையாக. அவன் நாயின் கழுத்தைத் தடவிக்கொண்டே தலையாட்டினான்.

நோயில்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு உண்மையில் கோபம் வந்தது. நோய் என்றால் பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம். தெரிந்தே செய்கிறது என்றால்? தன் கையால் ஊட்டி வளர்த்தது தன் வீட்டையே அசிங்கம் பண்ணுகிறது என்று நினைக்க நினைக்க ஆத்திரம் ஏறியது. ஒருநாள் காலையில் வேலை மேசைக்கடியில் இருந்த அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மாவு மூட்டையின் மேலேயே அது போயிருந்தது. மூட்டை முழுக்கக் கட்டிதட்டிவிட்டது. அவள் செருப்பை எடுத்து அடித்தாள். மேனேஜர் ஓடவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அவளையே பார்த்தது. அன்று அவனுக்கு விடுமுறை. ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடு, பாவம். வாயில்லாத ஜீவன்."

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டுதுங்க! எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுங்க."

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் அவன் அதைப் பிடித்துக்கொண்டான். ஊருக்கு வெளியே கிடங்கு வைத்திருக்கும் ஒருவர் காவலுக்கு நாய் தேடுகிறாராம், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவாராம். சங்கிலியில் கட்டிப்போடுவார்களா என்று அவள் கேட்டாள். "காவல் நாயைப் பின்னே மெத்தையிலயா படுக்க வைப்பாங்க?" என்றான். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ரொட்டி கொடுக்கப் போயிருந்தபோது அவள் துணி துவைக்க உட்கார்ந்தாள். அவனுடைய முந்தைய நாள் சட்டையின் பையில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், அவள் பல் செட்டுக்குப் பயன்படுத்தும் ரோஸ் நிற மெழுகு. நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை. இது எப்படி இவர் பையில் என்று திருப்பிப் பார்த்தாள். அதில் ஓர் அச்சு இருந்தது.

அச்சைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுவில் உருண்டையாக ஒரு பள்ளம். சுற்றிலும் வட்டமாக ஒரு விளிம்பு. அந்த வட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் சின்ன நெளிவு. எந்த மனுஷ வாயிலும் இப்படி ஓர் அச்சு விழாது. பின்பக்கம் ஒரு கட்டைவிரல் ரேகை அழுத்தமாகப் பதிந்திருந்தது.

ஈரக்கையோடு எழுந்து வாசலுக்குப் போனாள். மணியைத் தலைகீழாகத் திருப்பினாள். எப்போதோ கீழே விழுந்து விளிம்பு நெளிந்த மணி அது. மெழுகை உள்ளே வைத்தாள். அவள் செய்த எந்தப் பல் செட்டும் எந்த வாயிலும் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்ததில்லை. மணியை ஆட்டினாள். சத்தமே இல்லை.

ராத்திரியெல்லாம் மேனேஜர் வந்து இந்த ஊமை மணியைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறது. யாரும் வரவில்லை. அடக்கமுடியாமல் ஒரு மூலையைத் தேடிப் போயிருக்கிறது. காலையில் செருப்படி வாங்கியிருக்கிறது. இதெல்லாம் தெரிந்த ஒருவன் அதே கூடத்தில் படுத்திருந்திருக்கிறான்.

மதியம் அவன் வந்ததும் மெழுகை மேசையில் வைத்தாள்.

"இது யார் வாயோட அச்சு? சொல்லுங்க."

அவன் முகம் செத்துப்போயிற்று. சும்மா சொல்லக்கூடாது, பொய் சொல்லத் தெரிந்தவனுக்குப் பிடிபட்ட பிறகு நடிக்கத் தெரியவில்லை.

"தூக்கமே இல்லடி. ராத்திரிக்கு ரெண்டு தடவை, மூணு தடவை மாடி இறங்கி ஏறிட்டு, அப்புறம் எப்படி வண்டி ஓட்டுறது? மணி அடிச்சுப் போகலைன்னா நீ உள்ளேருந்து கத்துவ. ஒரே ஒரு நாள் நிம்மதியாத் தூங்கலாம்னுதான் வச்சேன்."

"முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எழுந்து போயிருக்க மாட்டேனா?"

"சொல்லியிருக்கணும். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நான் அதை அடிச்சப்போ நீங்க பாத்துட்டு நின்னீங்க."

"நான்தானே கையைப் பிடிச்சுத் தடுத்தேன்?"

"ஆமா. நல்லவர் மாதிரி வந்து தடுத்தீங்க. அதுதாங்க எனக்குத் தாங்கல. கிடங்குக்கு அனுப்பிட்டா விஷயமே முடிஞ்சுடும்னு பாத்தீங்களா?"

இத்தனை வருடம் கூட இருந்தவன் யாரோ வாடகைக்கு வந்தவன் மாதிரி அவளுக்குத் தெரிந்தான்.

அந்த நேரம் பார்த்துக் கிடங்குக்காரர் சங்கிலியும் கையுமாக மாடியேறி வந்தார். மேனேஜர் வழக்கம்போல அவரை வாசலில் நிறுத்திச் செருப்பை மோந்தது.

"நாயைக் கொடுக்கிறதா இல்லைங்க" என்றாள் அவள்.

"வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணுதுன்னு உங்க வீட்டுக்காரர்தானே வரச்சொன்னாரு?"

"அசிங்கம் பண்ணினது நாய் இல்லைங்க. உங்களை வீணா அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க."

அவர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார். கதவைச் சாத்தியதும் அவள் மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாடா மேனேஜர். அம்மாகிட்ட வா."

மேனேஜர் அந்தக் கைகளைப் பார்த்தது. காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு உடம்பைத் தரையோடு ஒட்டியது. பட்டப்பகலில், நடுக்கூடத்தில், இருந்த இடத்திலேயே மூத்திரம் போயிற்று. பிறகு ஊர்ந்தபடியே போய் அவனுடைய கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அதற்குத் தெரிந்த வரையில் அந்த வீட்டில் அடித்தவள் அவள், தடுத்தவன் அவன்.

பழக்க தோஷத்தில் அவன் கை தானாக இறங்கி அதன் தலையைத் தடவியது.

"கையை எடுங்க" என்றாள்.

அவன் எடுத்துவிட்டான். மேனேஜர் அந்தக் கால்களை விட்டு நகரவில்லை.