சுண்டுவிரல் இருந்த பக்கம்

"ஆடாம வைங்கக்கா," என்றாள் சூப்பர்வைசர்.

விடுதிச் சலவைக்கூடத்தின் வாசலில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே, இஸ்திரி அக்கா வலது கையின் நான்கு விரல்களையும் சேர்த்து நீட்டினாள். போன் கேமரா ஒருமுறை மங்கித் தெளிந்து படம் எடுத்தது. திரையில் மறுபடியும் சிவப்பு. ஆள் பொருந்தவில்லை.

விரல்களைப் போனில் படம் பிடித்து ரேகை பார்த்து வருகை பதியும் ஏற்பாடு இந்த வாரம்தான் வந்திருந்தது. நாளையும் சிவப்பு வந்தால் அக்காவின் பெயர் வேலைப் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும். பெயர் போனால் வேலையும் போச்சு.

"சோப்புத்தண்ணியில ஊறி ரேகை அழிஞ்சிருக்கும். என் தலையெழுத்தாவது அதுல தெரியுதா பாரு," என்று அக்கா சிரித்தாள்.

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வரவில்லை. இஸ்திரி போடுகிறவள் சோப்புத் தண்ணீரில் எங்கே கை வைத்தாள்? எதற்காக அப்படி ஒரு காரணம்? ஒருநாள் சாவி கொடுக்க வந்த அக்காவின் தங்கை நினைவுக்கு வந்தாள். அச்சு அசல் அதே முகம். பெயர் ஒருத்தியுடையது, வேலை பார்ப்பது இன்னொருத்தி என்று தெரியவந்தால் முதலில் உருள்வது தன் தலைதான். 'ஆள் மாறியிருக்கலாம்' என்று மேனேஜருக்குச் செய்தி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான், அவசரப்பட்டோமோ என்று தோன்றியது.

விரிப்புகளைச் சரிபார்க்கும் சாக்கில் இஸ்திரி மேசைப் பக்கம் போனாள்.

"உங்க தங்கச்சி இப்ப எங்க வேலை பாக்கிறாங்க?"

"ஏன், மாப்பிள்ளை கைவசம் இருக்கா?" அக்கா மடிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்து என் பிள்ளைங்க பேரைக் கேட்ட. இன்னைக்குத் தங்கச்சியா? போலீஸ் வேலைக்கு எழுதிப் போடேன்."

சாப்பாட்டு நேரத்தில், முதல் நாள் பதிந்த படத்தைத் திறந்து இன்றைய படத்தோடு ஒப்பிட்டாள். விரல்களே வேறு. ஆனாலும் தன்னையே நம்பாத அவள் பழக்கம் விடவில்லை. தன் வலது கையை விரித்துத் திரையருகே வைத்துப் பார்த்தாள். பதிந்த படத்தில் சுண்டுவிரல் மறுபக்கம் இருந்தது.

இடது கை.

அன்று அக்கா நீராவி பட்ட வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. "எந்தக் கையா இருந்தா என்ன, நீட்டுங்க," என்று சொன்னது இவள்தான். வலது என்று பதிந்ததும் இவள்தான். அன்று முழுக்க விரல்களைப் பார்த்தாளே தவிர ஒரு முகத்தையும் பார்க்கவில்லை.

அக்காவை அழைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினாள். இடது கை பதிந்துபோன கதையைச் சொல்லி, படத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள்.

"பதிஞ்சது நீங்க. காலைல ஆள் வேறன்னதும் நீங்க. இப்ப அதே ஆளுதான், படத்தை மாத்தணும்ங்கிறதும் நீங்க. நடுவுல உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன பேச்சு?"

"சார், பேச்செல்லாம் ஒண்ணும் இல்ல..."

ஆள் வேறு என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா மெல்லத் திரும்பி இவளைப் பார்த்தாள்.

மேனேஜர் தன் போனை எடுத்தார். "அவங்க கையை அப்புறம் பாக்கலாம். முதல்ல நீங்க பதிஞ்ச அதே ஆளான்னு பாப்போம், உங்க கையைக் காட்டுங்க."

சூப்பர்வைசர் விரல்களைச் சேர்த்து நீட்டினாள். சேர்த்த விரல்கள் சேர்ந்தே நடுங்கின. திரையில் படம் மங்கியது, தெளியப் பார்த்தது, மறுபடி மங்கியது.

"ஆடாம வைம்மா," என்றது பின்னாலிருந்து அக்காவின் குரல்.