இருபத்தாறு உறைகள்

நான் பத்தொன்பது வாக்கால் தோற்றேன். ஆயிரத்தால் தோற்றிருந்தால் அன்றைக்கே நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன். பத்தொன்பது என்றால் விரல்விட்டு எண்ணலாம். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு முகம் தெரியும்.

எண்பத்தாறாம் ஆண்டு ஒக்டோபர், நகரசபைத் தேர்தல். எங்கள் ஏவன்டேல் வட்டாரத்துக்கு இரண்டு ஆசனம், எட்டுப் பேர் போட்டி. நான் குலசிங்கம், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். ரயில் நிலையத்துக்குப் போகிற ஒழுங்கைக்கு விளக்குப் போடச் சொல்லி நகரசபைக்கு ஒன்பது கடிதம் எழுதினேன். ஒன்பதுக்கும் ஒரே பதில், கவனத்தில் எடுத்திருக்கிறோம் என்று. அந்தக் கோபத்தில்தான் நானே தேர்தலில் நின்றேன். சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்துப் பலகையில் எண்களை எழுதினார்கள். இரண்டாவதாக வந்த இறைச்சிக்கடைக்காரருக்கு 1501, எனக்கு 1482. அந்த மனிதர் வந்து என் கையைக் குலுக்கினார். நல்ல மனிதர்தான். அவர்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகமெல்லாம் நம்முடைய ஆட்கள்மேல்.

நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் நகரசபைத் தேர்தலுக்கு வாக்குச்சாவடி கிடையாது. சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். அடையாளம் போட்டு, உறைக்குள் வைத்து ஒட்டி, பின்பக்கம் பெயர் எழுதி, சனி மத்தியானத்துக்கு முதல் நகரசபையில் சேர்த்துவிட வேண்டும். ஊரில் தேர்தல் பெட்டிக்குப் பக்கத்தில் துவக்கோடு பொலிஸ்காரன் நிற்கப் பார்த்து வளர்ந்தவன் நான். தெருமுனையில் நிற்கிற ஒரு தபால்பெட்டியை நம்புவேனா? வட்டாரத்தில் பதினொரு தமிழ் வீடு, இருபத்தாறு வாக்கு. ஒருவரும் தபாலில் போடக்கூடாது, ஒட்டிய உறைகளைச் சேர்த்து நேரே நகரசபையில் கொடுப்போம் என்று சொன்னேன். அந்த வேலையைக் கிளாராவிடம் ஒப்படைத்தேன்.

கிளாரா ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ்ப் பெண், ஆஸ்பத்திரியில் தாதி. தேவாலயத்துக்குப் போகிறவள். இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் ஆளுக்கொரு சூட்கேசோடு வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்குத் தன் காரில் வந்து கூட்டிப்போனவள் அவள்தான். வாடகை வீடு பிடித்துத் தந்ததும் அவள்தான். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனால் தோற்றவனுக்கு நன்றி ஞாபகத்துக்கு வருவது கொஞ்சம் பிந்தித்தான்.

ஞாயிறு முழுக்க வீடு வீடாக மனதுக்குள் நடந்தேன். இரத்தினசிங்கம் எங்கள் சங்கத்தின் செயலாளர். என் துண்டுப்பிரசுரத்தில் தன் படம் இல்லை என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவர் வீட்டில் மூன்று வாக்கு. பத்மாவதியின் புருஷனுக்கு இறைச்சிக்கடையில் கடன் கணக்குக் கொப்பி உண்டு, அது இரண்டு. இப்படிக் கூட்டிக் கூட்டிப் பார்த்தால் எனக்கு வாக்களித்த தமிழன் நான் ஒருவன்தான் என்று வந்து நின்றது.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு நகரசபைக்குப் போனேன். தேர்தல் அலுவலர் பொறுமையான மனுஷி. நான் கொடுத்த இருபத்தாறு பெயரையும் தன் பட்டியலோடு ஒத்துப் பார்த்துவிட்டு, இவர்களில் ஒருவருடைய உறையும் வந்துசேரவில்லை என்றார். என்னுடையதுமா என்று கேட்டேன். உங்களுடையதும்தான் என்றார். காருக்குள் வந்து உட்கார்ந்தபோது ஒரேயொரு பெயர்தான் மிச்சம் இருந்தது.

சங்கக் கூட்டம் அடுத்த ஞாயிறு. பாடசாலை மண்டபத்தில் எல்லாக் குடும்பமும் வந்திருந்தது. எழுந்து நின்று அலுவலர் சொன்னதைச் சொன்னேன். பிறகு கிளாராவைப் பார்த்துக் கேட்டேன்.

“உறையளை எங்கை குடுத்தனீர்?”

கிளாரா மடியில் இருந்த மகளை இறக்கிவிட்டு எழுந்தாள். “வெள்ளிக்கிழமையே குடுத்துட்டேன் அண்ணே.”

“ஆரிட்டை?”

அவள் மண்டபத்தைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். என் மனைவி செல்வநாயகி பக்கத்தில் அந்தப் பார்வை கொஞ்சம் நின்றது. செல்வநாயகி தன் கைப்பையின் கொளுவியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“சேர வேண்டிய இடத்துல சேர்த்துட்டேன். அதுக்கு மேல கேக்காதீங்க.”

“கேட்பன். ஆஸ்பத்திரியிலை உம்மோடை வேலை செய்யிறது அந்த இறைச்சிக்கடைக்காரற்ரை மனுசியெல்லோ? ஒளிக்காமல் சொல்லும்.”

இரத்தினசிங்கத்துக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. “நானும் யோசிச்சனான்தான்,” என்றார். பின்வரிசையில் யாரோ, சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் தங்கடை ஆக்களுக்குத்தான் போடுவினம் என்றார்கள். நான் அதை மறுக்கவில்லை. கிளாரா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. அழாததையே குற்றத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் எதுவும் செய்யத் தேவையிருக்கவில்லை. வேலையை ஊரே பார்த்துக்கொண்டது. மாதச் சாமானுக்கு அவளோடு காரில் போகிறவர்கள் பஸ்ஸில் போனார்கள். அவளிடம் இரத்த அழுத்தம் பார்க்கிற கிழவர்கள் டொக்டரிடம் போனார்கள். பழிக்கு ஓர் ஆள் கிடைத்ததில் எனக்குத் தோல்வி பாதி ஆறியிருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல்வநாயகி சோற்றுக் கரண்டியோடு நின்றபடியே கதைக்கத் தொடங்கினாள்.

“நேற்று கிளாராவின்ரை பிள்ளைக்குப் பிறந்தநாள். முப்பது பேருக்குச் சமைச்சவளாம். எங்கடை சனம் ஒருத்தரும் போகேல்லை.”

“போகாட்டில் என்ன?”

“அவள் என்னட்டைத்தான் தந்தவள்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் உள்ளே போய், அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இருபத்தாறு உறை. எல்லாம் ஒட்டினபடியே இருந்தன.

கிளாராவுக்கு ஆஸ்பத்திரி வேலைமுறை வெள்ளி இரவுக்கு மாறிவிட்டது. பையைச் செல்வநாயகியிடம் கொடுத்து, நாளைக்குக் காலையில் நகரசபையில் சேர்த்துவிடுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் அப்போது வாக்குக் கேட்டுத் திரிந்துகொண்டிருந்தேன். அந்த வெள்ளிதான் நவராத்திரியில் சரஸ்வதிக்குரிய மூன்று நாளின் தொடக்கம். பிள்ளைகளின் புத்தகங்களைக் கும்பத்துக்கு முன்னால் அடுக்கியபோது, இவள் உறைப் பையையும் அடியில் வைத்துவிட்டாள். ஓர் இரவு அம்மாளின் காலடியில் இருந்தால் வெல்லும் என்ற நினைப்பு.

“விடிய எடுக்கத்தான் கை வைச்சனான்,” என்றாள். “நீங்கள் சவரம் எடுத்துக்கொண்டு நிண்ட இடத்திலை இருந்து கத்தினியள். சாமிக்கு வைச்சதை விஜயதசமிக்கு முதல் தொடுறியோ, நான் தோக்கவேணும் எண்டு நேந்துகொண்டு நிக்கிறியோ எண்டு. வோட்டு எண்டு சொல்ல வாயெடுத்தன். நீங்கள் எங்கை விட்டியள்? பிறகு எனக்கும் பயம் வந்திட்டுது. அதை எடுத்து, நீங்கள் தோத்தால்? ஆயிரக்கணக்கிலை வோட்டு விழும், இருபத்தாறு என்ன செய்யும் எண்டு விட்டிட்டன்.”

“கிளாராவுக்குத் தெரியுமோ?”

“திங்கட்கிழமை போன் பண்ணிச் சொல்லிப்போட்டன். அவரிட்டைச் சொல்லாதை, என்னைக் கொல்லுவார் எண்டனான். சரி அக்கா எண்டவள். கூட்டத்திலை அவளை நிப்பாட்டுவியள் எண்டு நான் கனவு கண்டனானே?”

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவள் கரண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். பதினாறு வருடம் கூட இருந்தவள் என்னிடமிருந்து அப்படிப் பின்வாங்குவதைக் கண்டதும் வாய் தானாக மூடிக்கொண்டது.

பையை எடுத்துக்கொண்டு காரில் போய் ஏறினேன். கிளாராவின் கையில் உறைகளைக் கொடுத்து மன்னிப்புக் கேட்பது, பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு பதினொரு வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொல்வது. இதுதான் திட்டம். அவள் வீட்டுத் தெருமுனையில் காரை நிறுத்தினேன். இறங்கவில்லை. ஒரு பெண்பிள்ளையின் வாசலில் தலைகுனிந்து நிற்கப் போகிறேன் என்பதை ஏற்க மனம் வரவில்லை. அப்போது ஒரு நினைப்பு வந்தது. இவள் உண்மையில் எனக்குத்தான் போட்டாளா? இறைச்சிக்கடைக்காரருக்குப் போட்டிருந்தால்? அப்படியென்றால் நான் நினைத்ததில் பாதியாவது சரி. இவ்வளவு குனியத் தேவையில்லை. தவறிப்போன வாக்குத்தானே, இனி அது செல்லாது, பார்த்தால் யாருக்கு நட்டம்?

அவளுடைய பெயர் எழுதிய உறையைத் தேடி எடுத்துக் கிழித்தேன். என் பெயருக்கு நேரே அடையாளம் இருந்தது. ஒரேயொரு அடையாளம். இரண்டு பேருக்குப் போடலாம் என்றிருக்க, இரண்டாவதைப் போடாமல் விட்டிருந்தாள்.

சீட்டைத் திரும்ப உறைக்குள் வைத்து, உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். கிளாரா திறந்தாள். உள்ளே பிள்ளை பலூன் ஒன்றைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.

“செல்வநாயகி எல்லாம் சொல்லிப்போட்டாள்,” என்றேன். “என்ரை பிழை. எல்லாற்ரை வீட்டையும் வந்து நானே சொல்லுறன். என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “பரவாயில்லண்ணே. உள்ள வாங்க. அக்காவ ஒண்ணும் திட்டலையே?”

இல்லை என்று தலையாட்டிப் பையை நீட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வீடு வீடாகச் சேர்த்தவள் அல்லவா, ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் பார்த்து மேசையில் வைத்தாள். பாதியில் அவள் கை நின்றது. மற்றவற்றைச் சட்டென்று புரட்டிப் பார்த்தாள். பிறகு அந்த ஒன்றை மட்டும் எடுத்து எனக்குக் காட்டினாள்.

“எல்லாம் ஒட்டினது ஒட்டினபடி இருக்குண்ணே,” என்றாள். “என்னோடது மட்டும் ஏன் கிழிஞ்சிருக்கு?”