மேல்பாதி

தோட்டத்தைப் பங்கு வைத்தபோது கிழக்குப் பக்கத்துப் பழைய திராட்சைக் கொடிகள் யாருக்கு என்று சண்டை வந்தது. அதனால் குறுக்காகக் கோடு போட்டுவிட்டார்கள். எல்லா வரிசைகளிலும் மேல்பாதி அம்மாவுக்கு, கீழ்ப்பாதி அவள் தம்பி எவாரிஸ்தோவுக்கு. இரண்டு பாதிக்கும் ஒரே சாலில்தான் தண்ணீர் ஓட வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அம்மா போன பிறகு மேல்பாதி எனக்கு வந்தது.

மலையடியில் வறண்டு கிடக்கும் மெண்டோசாவில் மழையை நம்பி யாரும் கொடி வளர்ப்பதில்லை. மலைப்பனி உருகி வாய்க்காலில் வரும். எட்டு நாளுக்கொரு தடவை, காலை ஏழிலிருந்து பத்து வரை எங்கள் முறை.

இலையுதிர் காலத்தில் என் பாதியில் பார்லியும் பயற்றங்கொடியும் விதைத்தேன். வெற்று மண் வெயிலில் வெந்து சோண்டா என்னும் வறண்ட மலைக்காற்றில் பறக்கிறது. வேர் இருந்தால் நிற்கும். அது சரிதான். ஆனால் சாலுக்குள்ளும் விதைத்துவிட்டேன்.

எங்களுக்கு வசந்தம் தொடங்கும் அக்டோபரில், முதல் முறையன்று தண்ணீர் புல்லுக்குள் ஊர்ந்தது. பத்து மணிக்கு மடைக்காரர் ஓல்கின் மடைப்பலகையை இறக்கியபோது தண்ணீர் என் பாதியின் எல்லையைத் தொடவே இல்லை.

"என் தண்ணி எங்கடி?" என்றார் மாமா.

"மண்ணு குடிச்சிருக்கு மாமா..."

"உன் மண்ணு குடிச்சிருக்கு. என் கொடி என்னத்தைக் குடிக்கும்? உன் காலேஜ் பட்டத்தையா?"

ஓல்கின் சிரித்தார். "இன்ஜினீயரம்மா ஆடு மேய்க்கப் போறாங்கய்யா. புல்லு நல்லா வந்திருக்கு."

"அடுத்த முறை எட்டரைக்குள்ள தண்ணி கோட்டைத் தாண்டணும். தாண்டலைன்னா சட்டிக் கலப்பையை உன் பாதியில இறக்கிருவேன். உங்கம்மா இருந்தா அவளே உழச் சொல்லியிருப்பா."

மறுநாளே வேலையில் இறங்கினேன்.

சாலுக்குள் இருந்த புல்லை மட்டும் அரிவாளால் அறுத்தேன். கொடியடியில் இருந்ததை விட்டுவிட்டேன். ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி உருட்டி, அந்தப் புல்லைத் தரையோடு படுக்க வைத்தேன். ஆறு நாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. மாமா தினமும் கலப்பை மாட்டிய டிராக்டரோடு கோட்டருகே வந்து நிற்பார். இன்ஜினை அணைக்காமலே மாத்தே தேநீரை உறிஞ்சிவிட்டுப் போவார்.

அடுத்த முறையன்று எட்டு இருபதுக்குத் தண்ணீர் கோட்டைத் தாண்டியது.

"டிராக்டரை அணைய்யா எவாரிஸ்தோ, டீசல் வீணாப் போகுது" என்றார் ஓல்கின்.

மாமா அணைத்தார். தண்ணீர் அவர் பாதியில் வேகமாக ஓடியது. மாதாமாதம் உழுது மாவாகிப்போன மேல்மண்ணை அரித்துக்கொண்டு, அடியில் இறுகிக் கிடந்த தளத்தின் மேல் வழுக்கி, கடைசியில் இருந்த கழிவு வாய்க்காலில் விழுந்தது. மாமா மண்வெட்டியோடு ஓடி வரப்பு போட்டார். கரைந்தது. மறுபடி போட்டார். அதுவும் கரைந்தது.

"இப்ப மட்டும் எதுக்குடி இவ்வளவு வேகமா விடுறே?"

"எட்டரைக்குள்ள கேட்டீங்க. வந்திருச்சு. உங்க மண்ணுல நிக்கலைன்னா நான் என்ன பண்றது?"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஓல்கின் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டார்.

மாமா கோட்டைத் தாண்டி என் பாதிக்குள் வந்தார். குனிந்து, வேரோடு ஒரு புற்கட்டியைப் பெயர்த்தார். பிறகு இன்னொன்று. கேட்கவில்லை. இரண்டையும் கொண்டுபோய்க் கழிவு வாய்க்காலின் முகப்பில் வைத்து மிதித்தார். தண்ணீர் நின்றது. மெல்ல அவர் கொடிகளின் அடிக்குப் பரவியது.

மூன்றாவது கட்டிக்காகத் திரும்பி வந்தார்.

"ரெண்டு போதும் மாமா" என்றேன், கோட்டின் மேல் நின்றுகொண்டு. "மீதி வேணும்னா உங்க பாதியில விதைச்சுக்கங்க."