மூன்று ஒழிவு

மஞ்சாடிக்கோணம் ஊராட்சியில் ஐந்து துப்புரவுப் பணியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் மூன்று பேரை யாரும் பார்த்ததில்லை. அவர்களுக்குப் பெயர் கிடையாது, வயது கிடையாது. ஆனாலும் பதினோரு வருடமாக ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அவர்களுக்குச் சம்பளம், பஞ்சப்படி, ஓணத்துக்கு போனஸ் எல்லாம் தவறாமல் ஒதுக்கப்பட்டு வந்தது.

ஒதுக்கி வந்தவள் அனந்தலக்ஷ்மி. திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் அக்ரஹாரத்திலிருந்து தினமும் எட்டரை மணி பஸ் பிடித்து, நகரத்தின் தெற்கு ஓரத்து ஆபீசுக்கு வருகிற கணக்குக் குமாஸ்தா. துப்புரவுக்கு ஐந்து இடங்களை அரசாங்கம் என்றோ அனுமதித்திருந்தது. இரண்டில் ஆள் உண்டு, மூன்று காலி. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அனுமதித்த இடத்துக்கெல்லாம் பணம் ஒதுக்கி வைப்பது வழக்கம். செலவாகாத அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து மூன்று பெண்களைத் தினக்கூலிக்கு வைத்துச் சந்தையைப் பெருக்குவார்கள். மிச்சம் ஒரு வருடம் ட்யூப் லைட் ஆகும், ஒரு வருடம் இரும்பு நாற்காலி ஆகும். இந்த வருடம் பஸ் நிறுத்தத்தில் வெயிட்டிங் ஷெட் ஆகும் என்று பேச்சு.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். நாலு நாள் ஃபைல்களைப் புரட்டினார்கள். சம்பளத்துக்கு ஒதுக்கியதற்கும் செலவழித்ததற்கும் வருடா வருடம் பெரிய வித்தியாசம் இருக்கிறது, இதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பத்தி எழுதிவிட்டுப் போனார்கள். செக்ரட்டரி வேலப்பன் நாயருக்குத் தணிக்கைப் பத்தி என்றால் கொசுக்கடி மாதிரி. சொறிந்து தீர்த்தாக வேண்டும்.

"இனி ரெண்டு பேருக்கு மட்டும் போட்டால் போதும். மற்ற மூணுக்கும் பூஜ்யம்" என்று மலையாளத்தில் சொன்னார்.

"தினக்கூலிக்காரர்களை என்ன செய்வது சார்?"

"அவர்கள் எந்த லிஸ்டில் இருக்கிறார்கள்? லிஸ்டில் இல்லாதவர்களைப் பற்றி ஆடிட்டருக்கு நான் என்ன பதில் எழுத?"

 பதினோரு வருடமாகப் போட்டு வந்த தொகையை அழிக்க அனந்தலக்ஷ்மிக்கு மனசு வரவில்லை. இருந்தாலும் அழித்து மூன்று பூஜ்யங்களை டைப் அடித்தாள். பட்ஜெட் நகல் எல்லா மெம்பர்களுக்கும் போயிற்று. துப்புரவுப் பகுதியில் வழக்கமான அட்டவணை: அனுமதித்தது ஐந்து, இருப்பது இரண்டு, ஒழிவு மூன்று. மலையாளத்தில் காலியிடத்துக்கு ஒழிவு என்று பெயர். அப்படித்தான் அவள் எப்போதும் எழுதி வந்தாள். வீட்டில் தமிழும் ஆபீசில் மலையாளமுமாகப் புழங்குகிறவளுக்கு, அந்தச் சொல் தமிழில் வேறு முகம் காட்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தவர் இசக்கிப்பாண்டி. ஆரியசாலையில் வற்றலும் மல்லியும் மொத்த வியாபாரம். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஏழாம் வார்டின் மெம்பர். பஸ் போர்டையும் சாக்கு மூட்டையையும் பார்த்து மலையாள எழுத்துப் படித்தவர். எழுத்தை மலையாளத்தில் கூட்டி, பொருளைத் தமிழில் எடுத்துக்கொள்வார். நகலைப் பிரித்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது ‘ஒழிவு மூன்று’.

மறுநாள் காலை உச்சிமாகாளி ஆபீசுக்கு வந்தாள். தினக்கூலி மூவரில் ஒருத்தி, ஏழு வருடமாகச் சந்தையைப் பெருக்குகிறவள். புருஷன் கட்டிட வேலைக்கு மங்களூர் போய்விட்டு நினைத்தபோது வருகிறவன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. கையில் விளக்குமாறு இருந்தது. அதை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"சாரே, எங்க மூணு பேரயும் ஒழிச்சாச்சாமே. மெம்பர் அண்ணாச்சி சொன்னாவ. அச்சடிச்ச பேப்பர்லயே இருக்காம்லா." அந்த ஆபீசில் ஆணானாலும் பெண்ணானாலும் எல்லோரும் சார்தான்.

அனந்தலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, அது வேக்கன்சிம்மா. ஒழிவுன்னா ஆளில்லாத போஸ்ட். உங்க அண்ணாச்சி மலையாளத்தைத் தமிழாப் படிச்சிருக்கார்."

"அப்பம் ஒண்ணும் ஒழிக்கலியா?"

"ஒழிக்கலை."

"ஏப்ரல்ல எனக்கு வேல உண்டுமா?"

சிரிப்பு பாதியில் நின்றது. மூன்று பூஜ்யங்களும் மேஜை மேலேயே கிடந்தன. பணம் இல்லாத தலைப்பிலிருந்து கூலி கொடுக்க முடியாது. இசக்கிப்பாண்டி சொல்லைத் தப்பாகப் படித்தும் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தார்.

"சனிக்கிழமை மீட்டிங் இருக்கு. அண்ணாச்சியை அதுல பேசச் சொல்லு" என்றாள்.

உச்சிமாகாளி வாசல் வரை போய்த் திரும்பினாள். "ஒழிவுன்னா வேக்கன்சின்னு அவுககிட்ட சொல்லட்டா?"

"சொல்லு."

சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் வந்து பதிலையும் ஒப்பித்தாள். "அண்ணாச்சி நம்ப மாட்டேங்காவ சாரே. ‘வேக்கன்சின்னா வேக்கன்சின்னே போடமாட்டாவளா? ஊருபூரா வேக்கன்சி வேக்கன்சின்னுல்லா சொல்லுகான். குமாஸ்தா உன்னிய ஆத்துறதுக்குச் சொல்லுகா’ங்காவ."



சனிக்கிழமை பட்ஜெட் கூட்டம். மெம்பர்கள் பன்னிரண்டு பேர், மின்விசிறி இரண்டு. தலைவர் ஷிஜா, பெண்களுக்கான ஒதுக்கீட்டில் ஜெயித்து வந்தவர். முப்பது வயதுகூட ஆகவில்லை. முதல் வருடம் மெம்பர்கள் சத்தம் போட்டால் பயந்தவர், இப்போது அவர்கள் சத்தம் போட்டு முடிக்கும்வரை டீ குடிக்கப் பழகியிருந்தார். வராந்தாவில் உச்சிமாகாளி, ஆவுடைத்தாய், பொன்செல்வி, அவர்களோடு ஏழாம் வார்டுப் பெண்கள் பத்துப் பேர், ஆளுக்கொரு விளக்குமாறு. யாரும் கோஷம் போடவில்லை. விளக்குமாறுகளே போதும் என்று இசக்கிப்பாண்டி சொல்லி வைத்திருந்தார்.

துப்புரவுப் பக்கம் வந்ததும் அவர் எழுந்தார். இதைத் தமிழில் சொன்னால் எடுபடாது என்று நினைத்தாரோ என்னவோ, தெரிந்த மலையாளத்தையெல்லாம் திரட்டிக்கொண்டார்.

"பிரசிடெண்டே, ஞான் ஒரு காரியம் பறயாம். ஒழிவு வேண்டா. மூணும் வேண்டா. ஒற்ற ஒழிவு பாடில்லா."

ஒரு ஒழிப்பும் கூடாது என்று அவர் சொன்னார். ஒரு காலியிடமும் கூடாது என்று மற்றவர்கள் கேட்டார்கள். குறிப்பேடும் பேனாவுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்த அனந்தலக்ஷ்மிக்கு மட்டும் இரண்டும் சேர்ந்து காதில் விழுந்தன. பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.

ஷிஜா டீக் கிளாசைக் கீழே வைத்தார். "அப்படியானால் மூணு இடத்துக்கும் நிரந்தரமாக ஆள் போட வேண்டும் என்கிறாரா மெம்பர்?"

இசக்கிப்பாண்டி கொஞ்சம் திகைத்தார். வந்தது தடுக்கத்தான், ஆனால் கேள்வி அவர் பக்கமாகத்தான் இருப்பது போலத் தெரிந்தது. "அதே. அதேதான்" என்றார்.

எதிர்க்கட்சி மெம்பர் தங்கையன், இசக்கிப்பாண்டியோடு எதற்கும் ஒத்துப்போகாதவர், அன்று எழுந்து ஒத்துப்போனார். "சந்தை என் வார்டு. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தால் வீட்டில் சோறு போட யோசிக்கிறார்கள். அவர் சொன்னது நியாயம்."

வேலப்பன் நாயர் குறுக்கிட்டார். தணிக்கைப் பத்தியைச் சொன்னார். ஒதுக்கியதற்கும் செலவுக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது, ஆகவே ஒதுக்கியதைக் குறைத்திருக்கிறது, வேறு வழியில்லை என்றார்.

ஷிஜா அனந்தலக்ஷ்மியைப் பார்த்தார். "லக்ஷ்மி சாரே, வேறு வழியில்லையா?"

இருபது வருட சர்வீசில் கூட்டத்தில் அவளை யாரும் கேள்வி கேட்டதில்லை. நாயரைப் பார்த்தாள். நாயர் தணிக்கைப் பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் யாரோ இருமினார்கள்.

"ஆடிட்டர் வித்தியாசத்தைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்" என்று மலையாளத்தில் சொன்னாள். "ஒதுக்கீட்டைக் குறைத்தாலும் சரியாகும். ஆளைப் போட்டுச் செலவழித்தாலும் சரியாகும். எதைச் செய்ய வேண்டும் என்று அவர் எழுதவில்லை. பணம் பதினோரு வருடமாக ஒதுக்கிக்கொண்டுதான் வருகிறோம். இடம் அரசாங்கம் அனுமதித்த இடம். புதிதாக யாரிடமும் கேட்க வேண்டாம்."

 ஷிஜா சிரித்தார். "அப்போ வெயிட்டிங் ஷெட்?"

"அதுதான் குடை இருக்கிறதே" என்றார் தங்கையன்.

கை தூக்கச் சொன்னபோது பதினோரு கைகள் எழுந்தன. வெயிட்டிங் ஷெட் வரவேண்டிய வார்டின் மெம்பர் மட்டும் தூக்கவில்லை. ‘ஏழாம் வார்டு உறுப்பினர் கோரியபடி மூன்று ஒழிவுகளும் நிரப்பப்படும்’ என்று அனந்தலக்ஷ்மி குறிப்பேட்டில் எழுதினாள். எழுதியதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டாள்.

வெளியே இசக்கிப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். "பாத்தியளா சாரே, ஒழிப்ப நிறுத்திட்டோம். நம்மகிட்ட நடக்குமா?"

"நடக்காது மெம்பரே" என்றாள்.

நாயர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தணிக்கைக்குப் பதில் எழுத வேண்டி வந்தது. ‘காலியிடங்களை நிரப்ப நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது’ என்ற வாக்கியம் அவருக்கே பிடித்துப்போனது. அதற்கப்புறம் பேசினார்.

அரசாங்கக் காரியம் அதன் நடையில்தான் நடக்கும். ஏப்ரலில் எழுதிய கடிதத்துக்கு எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆகஸ்டில் பட்டியல் வந்தது. அதுவரை மூன்று பேரும் பழைய கூலிக்கே பெருக்கினார்கள். பட்டியலில் ஒன்பது பேர், வேலை முதல் மூன்று பேருக்கு. பதிவு செய்த வருஷப்படி உச்சிமாகாளி மூன்றாவது. பொன்செல்வி முதலாவது. ஆவுடைத்தாய் பதிவே செய்திருக்கவில்லை. அவளைச் சந்தைக் குத்தகைக்காரரிடம் சொல்லிச் சேர்த்துவிட இசக்கிப்பாண்டி அலைந்தார், சேர்த்தும் விட்டார். இன்டர்வியூவில் ஷிஜா கேட்ட ஒரே கேள்வி, எத்தனை மணிக்கு வேலைக்கு வருவாய் என்பது. "நீங்க எந்திரிக்கதுக்கு முன்ன" என்று உச்சிமாகாளி சொன்ன பிறகு வேறு கேள்வி கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நவம்பரில் அவளுக்கு நியமன உத்தரவு கையில் கிடைத்தது.

டிசம்பர் மூன்றாம் வாரம் உச்சிமாகாளி அனந்தலக்ஷ்மியின் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"சாரே, லீவு எப்பிடி எடுக்கணும்?"

"பேப்பர்ல எழுதித் தரணும். நான் எழுதறேன். எதுக்கு லீவு?"

"பள்ளிக்கூடம் அடைச்சாச்சு. புள்ளைய ரெண்டும் கல்லாத்துக்குப் போவணும்னு ரெண்டு வருசமா நச்சரிக்கு. கொண்டுபோயி ஆத்துல குளிக்க வச்சுக் கூட்டியாரணும்."

"சொந்தக் காரியம்னு போடறேன்."

"குளிக்கப் போறம்னே போடுங்க. களவா பண்ணுகோம்?"

அனந்தலக்ஷ்மி அப்படியே எழுதினாள். உச்சிமாகாளி எழுத்துக்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். தினக்கூலியாக இருந்த ஏழு வருடத்தில் அவள் ஒரு நாள் வராமல் போனால் அன்றைக்கே இன்னொருத்தி நிற்பாள்; மறுநாள் அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்கப் போராட வேண்டும். காய்ச்சலோடு வந்து பெருக்கிய நாட்கள் உண்டு.

"நான் இல்லாத அன்னிக்கும் என் இடம் அப்பிடியே கெடக்குமா சாரே?"

"கிடக்கும். சம்பளமும் உண்டு."

உச்சிமாகாளி கொஞ்சம் யோசித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பம் ரெண்டு நாளாப் போடுங்க" என்றாள்.