வெட்டிய இடத்தில் ஒரு மூச்சு

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடக் கொஞ்சம் மிகை. பக்கத்து நாற்காலிக்காரர் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைத்தது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பேர் எங்கோ தூரத்தில் நடக்கும் ஒரு போரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நோயாளிகள், வாயைத் திறக்கவே முடியாது என்று வந்தவர்கள், வாயைத் திறந்து சண்டை போட ஆரம்பித்தார்கள். [வீங்கிய கன்னத்தோடு உலக அரசியல் பேசும் ஒருவரை நீங்கள் பார்த்ததில்லை என்றால்... வேண்டாம். கதையில் பின்னால் ஒருவருடைய நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். கேலியை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.]

திடீரென்று மின்சாரம் போனது. தொலைக்காட்சி அணைந்தது, ஏசி அணைந்தது, சண்டைக்காரர்களும் அணைந்துபோனார்கள். அந்த அமைதியில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. எனக்கு மிக அருகில்.

பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்: "அமைதின்னு தனியா ஒண்ணு கிடையாதுங்க, எந்த அமைதியிலயும் உள்ள யாராவது ஒருத்தர் இருப்பாங்க."

தான் ஒலிப்பதிவாளர் என்றார். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவர் எழுந்து போன பிறகும் அந்த மூச்சு என் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னுடையதாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: உலகம் இரண்டாகப் பிளந்துபோன ஆண்டில், ஒரு

[நிறுத்திவிட்டேன். உலகம் எந்த ஆண்டில் ஒன்றாக இருந்தது?]

இரண்டாவது தொடக்கம்: ஒலிப்பதிவாளர் ரொம்ப நல்ல மனிதர்.

[எழுதிய கையோடு அவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.]

மூன்றாவது: ஒலிப்பதிவாளருக்கு ஓர் அண்ணன், ஒரு மகள். மனைவி, மகள் நடக்கப் பழகுவதற்குள் இறந்துவிட்டாள். தொலைக்காட்சி வேலைக்கு நேரம் காலம் கிடையாது. அதனால் பெண்ணை வளர்த்தது கல்யாணமே செய்துகொள்ளாத அண்ணன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கேட்டுக் கேட்டுத் தலை பின்னப் பழகினார். பல் விழுந்தபோதும் காய்ச்சல் வந்தபோதும் அவர்தான் கூட இருந்தார். அவள் வளர்ந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அவள் இப்போது பிசியோதெரபிஸ்ட். படுக்கையில் கிடப்பவர்களை எழுப்பி நடக்கவைக்கிறாள். மூச்சை வைத்தே ஆளின் உடம்பைச் சொல்லிவிடுவாள்.

இது நிற்கும் என்று தோன்றுகிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

பெரியப்பாவும் பெண்ணும் பிரிந்தது அந்தத் தூரத்துப் போரில் இடிந்த ஒரு கட்டடத்தால்.

பெரியப்பாவின் கைபேசியில் அது ஆயுதக் கிடங்கு. அவள் கைபேசியில் அதே கட்டடம் பள்ளிக்கூடம். அதே புகைதான், பாதியில் தொங்கும் அதே மாடிப்படிதான். சாப்பாட்டு மேசையில் இருவரும் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் கைபேசியை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர், இரண்டுமாக இருந்திருக்கலாமே என்றார். பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஆயுதத்தை ஒளித்து வைக்கிறவனும் இருப்பான், மேலே பிள்ளைகள் இருப்பது தெரிந்தே குண்டு போடுகிறவனும் இருப்பான் என்றார்.

யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. சற்று நேரம் கழித்து உப்பு கேட்டார். உப்பு இருவருக்கும் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. யாரும் நகர்த்தவில்லை. அவர் சொன்னது காதில் விழாத மாதிரி இல்லை; அந்த நாற்காலியில் ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

மகள் எழுந்து நின்று சொன்னாள்: "அந்தக் குழந்தைங்க செத்ததுல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு பெரியப்பா."

"உனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக்கொடுத்த கையத்தான் வெட்டிப்போடணும்" என்றார் பெரியப்பா.

அன்றோடு இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் பிளாக் செய்துவிட்டார்கள்.

[எந்தப் போர் என்று எழுதியிருந்தேன். பிறகு வெட்டிவிட்டேன். பெயரைப் பார்த்த மாத்திரத்தில் உங்களில் பாதிப் பேர் பக்கத்தை மூடிவிடுவீர்கள். மீதிப் பேர் என் தோளில் தட்டிக்கொடுப்பீர்கள். எனக்கு இரண்டுமே பயம்.]

4

பிறகு பெரியப்பாவின் இதயத்தில் அடைப்பு என்றார்கள். நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், வயதானவர், உறுதி எதுவும் தர முடியாது என்றார்கள். நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் அந்தப் பெண் ஒருமுறை வந்து பார்த்துவிட வேண்டும். பெரியப்பா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பிக்குத் தெரியும்.

பெரியப்பா தம்பியின் கைபேசிக்குக் குரல்செய்தி அனுப்பினார், அவளுக்குப் போட்டுக் காட்டச் சொல்லி. தொடக்கத்தில் சாப்பிட்டாளா என்ற விசாரிப்பு. கடைசியில் ஆபரேஷன் தேதி. நடுவில் முழுக்கப் போரும் தேர்தலும் வசவும். வசவு என்றால் சாதாரண வசவு இல்லை. [இங்கே இரண்டு வரி இருந்தது.]

ஒலிப்பதிவாளர் நடுப்பகுதியை வெட்டினார்.

வெட்டிய இடத்தைச் சும்மா விட்டால் காது கண்டுபிடித்துவிடும். படியில் ஒரு கல் இல்லாத மாதிரி தடுக்கும். அதற்காகவே எந்த அறையில் பதிவு நடந்தாலும், வேலை முடிந்ததும் எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, அறையின் வெறும் ஓசையைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ரூம் டோன் என்பார்கள். வெட்டிய இடத்தில் அதை ஒட்டினால் தையல் தெரியாது.

அதனால் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் குளிக்கப் போன நேரத்தில், கைபேசியில் பதிவை ஓடவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். மகள் வீட்டுக்கும் போனார். அவள் பால்கனியில் துணி காயப்போடும்போது அங்கேயும் அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு அறைகளின் அமைதியும் கைக்கு வந்துவிட்டது.

ரூம் டோன் எடுக்கும்போது மைக்கின் பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிடுகிற விஷயம் இது. அவருக்கா தெரியாது? ஆனால் அறையில் ஆள் யாரும் இல்லை என்றுதான் அவர் நினைத்தார். உப்பு கேட்டுக் கிடைக்காத நாளிலிருந்து அவர் தன்னை ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை.

5

செய்திகள் அவர் வழியாகப் போயின, வந்தன. அவள் அனுப்பியதும் லேசுப்பட்டதாக இல்லை. அதையும் வெட்டி, அதே மாதிரி ஒட்டினார். கொஞ்ச நாளில் இரு பக்கமும் குரல் தணிந்தது. ஒருவர் தணிந்துவிட்டார் என்று நம்பி மற்றவரும் நிஜமாகவே தணிந்தார். இதை எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. கதையை இங்கே முடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது பெரியப்பா தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், அவ பேச்ச நடுவுல நிறுத்துறா பாரு, அப்ப ஒரு மூச்சு கேக்குது. அழுகைய அடக்குறாடா. சின்னதுலேர்ந்தே அப்படித்தான் அவ."

அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதாகச் சொன்னார். பேச்சைவிட அதுதான் பிடித்திருக்கிறது என்றார்.

அதே வாரம் மகளும் கூப்பிட்டாள்.

"அப்பா, பெரியப்பாவோட மூச்சு சரியில்ல. பேசுறப்ப தெரியல, நிறுத்துறப்ப கேக்குது. இது இதயம் ரொம்பத் தளர்ந்தவங்களோட மூச்சு, நான் தினம் கேக்கறேன். படுத்தா அவங்களுக்குத் தூக்கமே வராது. இதக் கேட்டுட்டு இனிமே என்னால சண்டை போட முடியாது. நான் வரேன்னு சொல்லுங்க."

ஒலிப்பதிவாளர் கைபேசியைக் கீழே வைத்தார். கொஞ்ச நாளாகவே அவர் நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூங்குகிறார். வயதாகிவிட்டது என்று விட்டிருந்தார்.

[ஆமாம், நீங்கள் புரிந்துகொண்டது சரிதான். அவருக்கும் அந்த நேரத்தில்தான் புரிந்தது.]

6

இந்தப் பகுதியை எழுத எனக்கு விருப்பம் இல்லை.

ஒலிப்பதிவாளர்கள் எதையும் தூக்கிப்போட மாட்டார்கள். வெட்டிய துண்டுகளையெல்லாம் அவர் கணினியில் ஒரே கோப்பாகச் சேர்த்து வைத்திருந்தார். மகள் வருவதற்கு முந்தைய நாள், மதிய இடைவேளையில், பதிவுக்கூடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் தடவையாக அதை முழுக்கக் கேட்டார்.

முதலில் அண்ணன் பேசினார், பிறகு மகள், பிறகு அண்ணன். சிறிது நேரத்தில் யார் பேசுவது என்ற வேறுபாடு போய்விட்டது. ஆண் குரலா பெண் குரலா என்றுகூடப் பிடிபடவில்லை. உங்களால்தான், உங்களை மாதிரி ஆட்களால்தான், உங்கள் கண்ணில் அது ஏன் படவில்லை என்று ஒரே குரல் பேசிக்கொண்டே போனது. நடுவில் இடைவெளி கிடையாது. மூச்சு கிடையாது. மூச்சு விடவே தேவையில்லாத ஏதோ ஒன்று பேசினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விவாத நிகழ்ச்சிக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வாய் அசைந்தது. அதே குரல்.

இதை எழுதி முடித்துவிட்டு, வழக்கம்போல் சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் மூச்சு வாங்காத இடத்தில் ஒரு மூச்சு கேட்டது. போய் ஜன்னலைச் சாத்தினேன். ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

7

பத்திரிகை ஆசிரியருக்கு இதுவரைக்கும் அனுப்பினேன். நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "நீங்க எந்தப் பக்கம்னு தெரியலையே?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மதில்மேல் பூனை என்று பெயர் வாங்கி வாங்கி அலுத்துவிட்டது. செத்த குழந்தையைப் பாதி பாதியாகப் பிரிக்கச் சொல்லும் ஆள் இல்லை நான். ஒருவன் செய்த கொலையை இன்னொருவன் செய்த கொலையால் கழித்துக் காட்டுகிற கணக்கும் எனக்கு வராது. என் பக்கத்து ஆள் பொய் சொன்னால் அது பொய், எதிர்ப்பக்கத்து ஆள் உண்மை சொன்னால் அது உண்மை. இவ்வளவுதான் என் அரசியல். இதற்கே இரண்டு பக்கமும் நண்பர்கள் குறைந்துவிட்டார்கள்.

ஆனால் அவரிடம் பேசி முடித்த பிறகு ஒன்று உறைத்தது. ஒலிப்பதிவாளர் நடுவில் நிற்கவில்லை. நடுவில் நிற்கிறவன் இரண்டு பேர் சொல்வதையும் முழுசாகக் காதில் வாங்க வேண்டும், தான் நினைப்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், உப்பு கிடைக்காவிட்டாலும். அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். நான் போரின் பெயரை வெட்டினேன். வசவு இரண்டு வரியை வெட்டினேன். நீங்கள் இதுவரை சங்கடப்படாமல் படித்துக்கொண்டு வந்திருந்தால், அது என் தையல் வேலை.

வெட்டிய இடங்களில் நான் எதை ஒட்டினேன் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

8

பெரியப்பாவின் கூடம். பகல். நாளை மருத்துவமனையில் சேர வேண்டும். பை கட்டித் தயாராகக் கதவோரம் இருக்கிறது. மகள் வந்து ஒரு நாற்காலியில் உட்காருகிறாள். எதிரில் பெரியப்பா. நடுவில் ஒலிப்பதிவாளர், சட்டைப்பையில் கைபேசி. அதில் வெட்டிய துண்டுகளின் கோப்பும் இருக்கிறது.

"மூச்சு இப்ப எப்படி இருக்கு பெரியப்பா?"

"எனக்கு மூச்சுக்கு என்ன? நீதான அழுகைய அடக்கி அடக்கிப் பேசுன."

"நான் அழலையே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத அமைதி. அந்த அமைதியில் அது கேட்கிறது. பெரியப்பா எத்தனையோ தடவை போட்டுக் கேட்ட மூச்சு. மகள் கேட்டுப் பயந்துபோய் ஓடிவந்த மூச்சு. அவளும் விடவில்லை, அவரும் விடவில்லை. இரண்டு பேரும் மெதுவாக நடு நாற்காலியின் பக்கம் திரும்புகிறார்கள். அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பிறகு இப்போதுதான் முதல் தடவையாக.

ஒலிப்பதிவாளர் சட்டென்று மூச்சை அடக்கிக்கொள்கிறார்.

முடிவு அ: அவர் மூச்சை விட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறாள். வெட்டியதை மன்னிக்கிறார்களா என்பது

முடிவு ஆ: கோப்பைப் போட்டுக் காட்டுகிறார். அந்த மூச்சில்லாத குரல் கூடத்தில் பேசத் தொடங்குகிறது. அது தங்களுடையது என்று இருவருக்கும்

முடிவு இ: அவர் அடக்கியதை விடவே இல்லை. மூச்சுச் சத்தம் நின்றுவிட்டதால், அங்கே யாரும் இல்லை போலிருக்கிறது என்று இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து போரைப் பற்றி

மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றும் பாதியில் நின்றுவிட்டன. நான் எந்தப் பக்கம் முடித்தாலும் அது இன்னொரு வெட்டுதான். அதனால் கையை எடுத்துவிட்டேன். அவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். கண் சிவந்துகொண்டு வருகிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. இதயம் தளர்ந்த மனிதர், ரொம்ப நேரம் தாங்க மாட்டார்.

கூடத்தில் இப்போது ஒரு மூச்சு மட்டும் கேட்கிறது. பெரியப்பாவுடையது இல்லை, மகளுடையது இல்லை. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன், ஆகவே என்னுடையதும் இல்லை. அவர்கள் இருவரும் நிமிர்ந்து உங்கள் பக்கம் பார்க்கிறார்கள்.

ஏதாவது சொல்லுங்கள். அவர் மூச்சை விடக் காத்துக்கொண்டிருக்கிறார்.