ஐந்தடி நட்சத்திரம்

கௌசி டீச்சர் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறாள் என்றதும், ஜெனிதாவும் அந்தோனியம்மாவும் கொழும்பு வரை கூடவே கிளம்பிவிட்டார்கள். நத்தார் என்னும் கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்க வேண்டும், தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு நட்சத்திரம் வாங்க வேண்டும், மறுநாள் கௌசியை யாழ்ப்பாண ரயிலேற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அந்தோனியம்மா கொழுந்து பறிப்பவள்; ஐம்பது வயதில் அவள் கொழும்புக்கு வருவது இதுவே முதல் தடவை. ஜெனிதா பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். கௌசி தோட்டப் பாடசாலைக்கு வந்த இரண்டு வருடமாக, இந்த இருவர் வீட்டில்தான் அவளுக்கு மாலைத் தேநீர்.

மலைநாட்டு றொசல்லவில் காலை ரயிலேறி, பொழுது சாய நத்தார் சந்தைக்கு வந்து சேர்ந்தார்கள். பூங்கா முழுக்க விளக்குகள். மரங்களின் அடி முதல் நுனி வரை சிவப்பும் பச்சையுமாக மின்னின. ஓரிடத்தில் இயந்திரம் சோப்பு நுரையைப் பனியாகத் தூவ, இளசுகள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு அதில் குதித்தார்கள். அனுமதிக்குக் கட்டணம்.

வியர்த்து வழிந்த அந்தோனியம்மா ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டினாள். "பனியில நிக்கக் காசு குடுக்குறாங்களா? விடியக்காலம வேலைக்குப் பேர் பதியுற நம்ம பெரட்டுக்கு வரச் சொல்லு, சும்மாவே நிக்கலாம்!"

ஐந்தடி உயர நட்சத்திரம் ஒன்று மூவருக்கும் பிடித்துப்போனது. உள்ளே பேட்டரி விளக்கு. பேரம் பேசி வாங்கித் திரும்பினால், அந்தோனியம்மாவைக் காணவில்லை. சற்று முன் பாட்டுக் குழு ஒன்று மத்தளம் தட்டிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போயிருந்தது. அவளுடைய போனோ ஜெனிதாவின் பையில்.

கேக் கடை, பொம்மைக் கடை, குடில் எல்லாம் தேடினார்கள். கௌசியின் குரல் உடைந்தது. "அக்காக்குச் சிங்களம் சரியாத் தெரியாதே. எங்க போய்த் தேடுறது?"

"அழாதீங்க டீச்சர்," என்ற ஜெனிதா, விளக்கைப் போட்டு நட்சத்திரத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "எங்க இருந்தாலும் இது தெரியும்ல?"

தெரிந்தது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "அக்கே, போட்டோ எகக் கன்ன புளுவன்த?" என்று சிங்களத்தில் போட்டோ எடுக்கலாமா எனக் கேட்டு, ஒரு குடும்பம் நட்சத்திரத்தின் முன்னால் வந்து நின்று சிரித்தது. அவர்கள் போவதற்குள் அடுத்த குடும்பம். காதலர்கள். மூன்று கன்னியாஸ்திரிகள். இது சந்தைக்காரர்களின் ஏற்பாடு என்றே எல்லோரும் நினைத்தார்கள். மறுக்க மனமில்லாத ஜெனிதா கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெரிசல் கூடியதும் கௌசிக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள்.

"தள்ளாதேங்கோ! வரிசையா நில்லுங்கோ!" மொழி புரியாதவர்களும் வரிசையில் நின்றார்கள்.

பத்துப் பேருக்குப் பிறகு, நட்சத்திரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பழகிய குரல் கேட்டது. "ஒரு போட்டோவுக்கு எவ்வளவுங்க?"

ஜெனிதா நட்சத்திரத்தை இறக்கினாள். எதிரே ஒரு கையில் கேக்குடன், தலையில் யாரோ மாட்டிவிட்ட சிவப்புத் தொப்பியுடன் அந்தோனியம்மா.

கௌசி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "எங்கயக்கா போனீங்கள்? நான் எவ்வளவு பயந்து போனன் தெரியுமே?"

"ஐயோ, நான் எங்க போனேன்? பாட்டுக்காரங்களோட சேந்து பாடிக்கிட்டிருந்தேன். திரும்பிப் பாத்தா நீங்க ரெண்டு பேரும் காணாமப் போய்ட்டீங்க!" என்றவள், கௌசியின் கண்ணீரைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "எனக்காகவா அழுவுறீங்க? பைத்தியக்கார டீச்சர்."

பிறகு காலிமுகத்திடலுக்குப் போய், கடற்காற்றில் இறால் வடை வாங்கி உட்கார்ந்தார்கள். அப்போது கௌசிக்கு அம்மாவின் அழைப்பு வந்தது.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வாறாய் பிள்ளை?"

கௌசி பக்கத்திலிருந்த இருவரையும் ஒரு கணம் பார்த்தாள். "அம்மா, நான் இருபத்தாறாம் திகதி வாறன். நத்தாருக்குத் தோட்டத்திலயே நிக்கப்போறன்."

"தனியவோ?"

"இல்லை, என்ர ஆக்கள் இருக்கினம்."

அந்தோனியம்மா கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். "வணக்கம்மா! புள்ளைய நாங்க பாத்துக்கிறோம். அடுத்த வருசம் நீங்களும் வந்துருங்க."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இருவரும் அவரவர் தமிழில் பேசித் தீர்ப்பதற்குள் ஜெனிதா மூன்றாவது வடையையும் முடித்துவிட்டாள்.