இருநூற்றுப் பதினோராம் பக்கம்

தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மறுநாள் காலை தெருவில் இராணுவச் சோதனை என்று பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே செய்தி பரவிவிட்டது. காத்தான்குடியில் வீடு வீடாக வீட்டாரே புத்தகங்களைப் பிரித்து ஒதுக்கினார்கள். அரபு எழுத்து உள்ளவை, வாள் படம் உள்ளவை, என்னவென்று தெரியாதவை. சிலர் எரித்தார்கள். புகை கண்டால் கேள்வி வரும் என்று மற்றவர்கள் வாவியில் போட்டார்கள்.

நுஸ்ராவின் கணவன் முனாஸ் சாரன் விற்கும் துணிக்கடையில் வேலை செய்தான். அவனிடம் மார்க்கப் புத்தகங்கள் குறைவு. தடித்த நாவல் ஒன்று இருந்தது, மொழிபெயர்ப்பு. அட்டையில் கவராயமும் மூலைமட்டமும், நடுவே முக்கோணத்துக்குள் ஒரு கண். உள்ளே ஃப்ரீமேசன்கள், இரகசியச் சடங்குகள், தூண்களில் செதுக்கிய குறிகள், நான்கு கொலைகள்.

முனாஸின் தங்கை சஹ்லா அட்டையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒத்தக் கண்ணு. கடைசிக் காலத்தில வார தஜ்ஜாலுட கண்ணு மச்சி இது. ஆமி வராட்டியும் வானத்திலேர்ந்து மலக்கு வராது இந்த ஊட்டுக்கு."

"ஒங்கட காக்கா ரெண்டு தரம் படிச்ச புத்தகம்."

"அதான் தொழுகைக்குக் கடைசி வரிசையில நிக்கிறாரு."

நுஸ்ரா சிரித்தாள். நாவலைப் பையில் போட்டு, ஒரு கல்லும் வைத்துக் கட்டி, வாவியில் விட்டாள். அலுமாரியில் முனாஸின் கொப்பி ஒன்று கிடந்தது. பக்கம் பக்கமாகக் கட்டங்கள், பாதிக் கட்டங்கள், புள்ளிகள். படம் இல்லை, அரபும் இல்லை. அதை அங்கேயே விட்டாள்.

மறுநாள் கொப்பியை எடுத்தார்கள். முனாஸையும் கொண்டுபோனார்கள்.

இருபது நாளுக்குப் பிறகு பார்க்க விட்டார்கள். பத்து நிமிடம். அவனுடைய தாடியை வழித்திருந்தார்கள்.

"அது நாவல்ல இருக்கிற எழுத்து நுஸ்ரா. மேசன்மார்ர எழுத்து. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு இங்கிலீசு எழுத்து. அத வெச்சித் தமிழ எழுதினன். இருநூத்திப் பதினோராம் பக்கத்தில அட்டவணை இருக்கு. புத்தகத்தக் கொண்டாந்து காட்டு. உட்டுருவாங்க."

"என்ன எழுதினீங்க?"

"சும்மா. ஒண்டுமில்ல."

வாவியில் போட்டதை அவள் சொல்லவில்லை. கொண்டுவருகிறேன் என்றாள்.

அந்த நாவலின் தன் பிரதியை முனாஸுக்கு முதலில் வாசிக்கக் கொடுத்தவர் கல்லடியில் இருக்கும் சுதாகரன் ஆசிரியர்; முனாஸ் பிறகுதான் சொந்தமாக ஒன்று வாங்கினான். கடைக்குச் சாரன் வாங்க வந்து பழக்கமானவர். நுஸ்ரா பஸ் ஏறிப் போனாள். அவர் கேற்றைத் திறக்கச் சற்று நேரம் எடுத்தார்.

"உள்ளுக்கு வாங்க. ரோட்டில நிக்காதீங்க, ஆக்கள் பாப்பாங்க."

கேட்டதும் எடுத்து வந்தார். கொடுக்குமுன் முதல் பக்கத்தைக் கிழித்தார்.

"என்ட பேரு கிடக்கு. குறை நினைக்காதீங்க."

"இல்ல சேர். நானும் கிழிச்சிருப்பன்."

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தான். சிங்களத்தில் தானும் வாசித்ததாகச் சொன்னான். முடிவு மட்டும் சரியில்லையாம். திருப்பிக் கொடுத்தான்.

விசாரணை அறையில் அதிகாரி ஒருவரும், மொழிபெயர்க்க ஒரு பெண் பொலிசும் இருந்தார்கள். அதிகாரி முதல் பக்கம் எங்கே என்று கேட்டார். கிழிந்துதான் இருந்தது என்றாள் நுஸ்ரா. அவர் கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். அட்டவணையை அருகில் வைத்து அவள் ஒவ்வொரு குறியாகப் பார்த்து எழுதினாள். நாலு வரிக்கு அரை மணி நேரம் பிடித்தது. பிறகு வாசிக்கச் சொன்னார்.

"புள்ளைய அடக்கினம். பேர் வெக்கல்ல. நுஸ்ரா அழல்ல. அவள்ட முகத்தப் பாக்க ஏலாம கடையத் தொறந்தன்."

அது போன வருடம், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் இறந்து பிறந்த பிள்ளை. அன்று கடைக்குப் போனதற்காக அவள் முனாஸுடன் நீண்ட நாள் பேசாமல் இருந்தாள். அவன் காரணம் சொன்னதில்லை.

பெண் பொலிஸ் தணிந்த குரலில் மொழிபெயர்த்தாள். அதிகாரி யோசித்தார். ஏதோ கேட்டார்.

"புள்ள எண்டு எழுதியிருக்கிறது என்னத்தக் குறிக்குது எண்டு கேக்கிறார். எங்க அடக்கினது எண்டும்."

"புள்ள எண்டா புள்ளதான். எங்கட புள்ள."

"எங்க?"

"பள்ளி மையவாடியில. மேற்கு வேலி ஓரம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். கொப்பியில் தேதியைத் தேடினார். பிறகு தொலைபேசியை எடுத்து யாரிடமோ பேசினார். பேசும்போது மேசையில் விரலால் ஒரு சிறு நீள்சதுரம் கீறினார்.

"நாளைக்குக் காலம எட்டு மணிக்கு வரட்டாம்," என்றாள் பெண் பொலிஸ். அவள் நுஸ்ராவைப் பார்க்கவில்லை. "நீங்க இடத்தக் காட்டினாக் காணும். தோண்டுறதுக்கு ஆக்கள் வருவாங்க."

நுஸ்ரா நாவலை மூடினாள்.

"தோண்டிப் பாத்தா அவர உட்டுருவாங்களா எண்டு கேளுங்க."

பெண் பொலிஸ் அதை மொழிபெயர்க்கவில்லை.